கிராம் கணக்கில் ஓர் ஆயுள்

பாலோ, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் ஒரு சிறிய ஊர். கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை 1909-ல் முடிந்த ரயில் பாதை இதன் வழியாகத்தான் போகிறது. சுற்றிலும் அன்று ரப்பர், இன்று செம்பனை. போலீஸ் நிலையம் ஊரிலேயே உண்டு. நீதிமன்றம், பெரிய மருத்துவமனை, வழக்கறிஞர் அலுவலகம் என்றால் குளுவாங்குக்குத்தான் போக வேண்டும். இந்த ஊர்ப் பையன் ஒருவனை இரவுச் சாலைத் தடுப்பில் போலீஸ் நிறுத்தி, மோட்டார் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை குடும்பத்தார் வழக்கறிஞரிடம் ஓடுவார்கள். "எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்ல சார்" என்று ஆரம்பிப்பார்கள். வழக்கறிஞர் அதைக் கேட்டுக்கொள்வார். ஆனால் அவர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டே விஷயம். என்ன பொருள்? எவ்வளவு?

மலேசியாவில் போதைப்பொருள் வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் இந்த இரண்டு பதில்களில் இருக்கிறது. அந்தப் பையன் நல்லவனா, முதல் தடவையா, யாருக்காக எடுத்துப் போனான் என்பதெல்லாம் பிறகு வரும் பேச்சு. 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் ஆளைப் பார்ப்பதற்கு முன் தராசைப் பார்க்கிறது. எங்கள் தோட்டத்துக் குடும்பங்களில் எத்தனையோ பேர் இதைத் தெரிந்துகொள்வது லாக்கப் வாசலில் நிற்கும்போதுதான். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சியாபுவை எடுத்துக்கொள்வோம். ஐஸ் என்றும் சொல்கிறார்கள். வேதியியல் பெயர் மெதம்பெட்டமின். ஐந்து கிராமுக்குக் குறைவாக ஒருவரிடம் இருந்தால் 12(2) பிரிவு. அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அல்லது 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே நீதிபதியின் கை தாராளமாக இருக்க இடமுண்டு. அபராதத்தோடு விட்டுவிடவும் சட்டம் அனுமதிக்கிறது.

5 கிராமைத் தொட்டால் 39ஏ(1). இனி அபராதம் என்ற பேச்சே கிடையாது. குறைந்தது 2 ஆண்டு சிறை, அதிகம் போனால் 5 ஆண்டு, கூடவே 3 முதல் 9 பிரம்படி. 30 கிராமைத் தொட்டால் 39ஏ(2). குறைந்தது 5 ஆண்டு, ஆயுள்வரையும் போகலாம், பிரம்படி 10-க்குக் குறையாது. 50 கிராமைத் தொட்டால் அவர் வெறுமனே வைத்திருந்தவர் இல்லை, கடத்தல்காரர் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு 39பி. மரணம் அல்லது ஆயுள் சிறை.

ஹெராயினுக்கு இந்தப் படிகள் இன்னும் நெருக்கம்: 2 கிராம், 5 கிராம், 15 கிராம். கஞ்சாவுக்கு 20, 50, 200. கஞ்சா 20 கிராமுக்குக் கீழே இருந்தால் 6-ஆம் பிரிவு. அதிலும் 5 ஆண்டுவரை சிறை உண்டு. ஒரு கஞ்சாச் செடியைத் தொட்டியில் நட்டு வளர்த்தால் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, 6பி. அது ஆயுள் சிறையும் பிரம்படியும் கொண்டது. வீட்டுக்குப் பின்னால் விளையாட்டாக விதை போடும் இளைஞர்கள் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த அளவுகள் புரிவதே கடினம். இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கிலோவரை கஞ்சா 'சிறிய அளவு'. அதற்கு அதிகபட்சம் ஓராண்டு சிறை. 20 கிலோவைத் தாண்டினால்தான் அங்கே அது வணிக அளவு. இங்கே 200 கிராமிலேயே ஆளைக் கடத்தல்காரர் என்று அனுமானித்துவிடுகிறார்கள். அதே செடி, அதே காய்ந்த பூ. கடல் தாண்டியதும் கணக்கு வேறு. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. ஹட்யாய் போய்வரும் நம் பையன்கள் சிலர் கஞ்சா கலந்த மிட்டாயைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டுகிறார்கள். அங்கே கடையில் வாங்கிய ரசீது இங்கே எந்த நீதிமன்றத்திலும் உதவாது.

இந்த எடையைத் தீர்மானிப்பது போலீஸ் நிலையத்துத் தராசு இல்லை. பிடிபட்ட பொருள் முத்திரையிட்டு மலேசிய வேதியியல் துறைக்குப் போகும். பொட்டலத்தில் 60 கிராம் தூள் இருக்கலாம். அதில் ஹெராயின் 14 கிராம்தான் என்று வேதியியலாளர் சொன்னால் வழக்கு 39பி-யிலிருந்து கீழே இறங்கலாம். அந்த அறிக்கை வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை குடும்பத்தின் மூச்சு ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கும். பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்த உறையில் என்ன குறியிட்டார்கள், பிடிபட்டபோது எழுதிய பறிமுதல் பட்டியலில் இருக்கும் எண்ணிக்கையும் வேதியியலாளர் பெற்ற எண்ணிக்கையும் ஒன்றா என்பதை நல்ல வழக்கறிஞர் வரிவரியாகத் தேடுவார். வழக்குகள் உடைந்திருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அனுமானத்துக்கான எடைக்குக் கீழே இருந்தால் கடத்தல் வழக்கு வராது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மை இல்லை. விற்பது, கொடுப்பது, கொண்டு போவது, ஒளித்து வைப்பது என்று 2-ஆம் பிரிவு நீளமான பட்டியல் ஒன்றைக் கொடுத்து, அவை எல்லாவற்றையும் கடத்தல் என்கிறது. வாங்குபவர் போல வேடமிட்டு வந்த போலீஸ் அதிகாரியிடம் சின்னப் பொட்டலம் ஒன்றை விற்றால், நேரடிச் சாட்சியைக் கொண்டே கடத்தல் வழக்கு போடலாம். அப்படி வேடமிட்டு வாங்கியவரின் சாட்சியத்தை அந்தக் காரணத்துக்காக மட்டும் நம்பத்தகாதது என்று ஒதுக்கக் கூடாது என்கிறது சட்டத்தின் 40ஏ பிரிவு.

எது கையில், எது மனதில்

'வைத்திருந்தார்' என்று நிரூபிக்க, பொருள் அவர் அருகில் கிடந்தது என்று காட்டினால் போதாது. அது அவருடைய பாதுகாப்பிலோ கட்டுப்பாட்டிலோ இருந்திருக்க வேண்டும். தன் பொருளைப் போல அதை எடுக்க, கொடுக்க, ஒளிக்க அவரால் முடிந்திருக்க வேண்டும். அது என்ன பொருள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1956-ல் நீதிபதி தாம்சன் ஒரு தீர்ப்பில் இதைத் தெளிவாக வகுத்தார். பிற்பாடு மலேசியாவின் முதல் லார்ட் பிரசிடென்டாக இருந்தவர் அவர். எழுபது ஆண்டாகியும் வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? நான்கு தொழிலாளர்கள் தங்கும் அறை. கட்டிலுக்கடியில் ஒரு பை. அதில் சியாபு. அறைச் சாவி நான்கு பேரிடமும் இருந்ததா? பையில் யாருடைய அடையாள அட்டை, யாருடைய சட்டை? பூட்டியிருந்த அலமாரி என்றால் அதன் சாவி யார் இடுப்பில் இருந்தது? போலீஸ் உள்ளே நுழையும்போது அறையில் இருந்தவர் ஒருவரே என்பதற்காக மட்டும் அந்தப் பை அவருடையது ஆகிவிடாது. மற்ற மூவரையும் விசாரித்தார்களா என்ற கேள்வி வழக்கின் உயிர்நாடி.

தெரியும், தெரியாது என்பதைப் பெரும்பாலும் நடத்தையிலிருந்து ஊகிக்கிறார்கள். "எங்களைக் கண்டதும் அதிர்ச்சியடைந்தார்" என்ற வாக்கியம் போலீஸ் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வரும். இரவு பதினொரு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் நான்கு போலீசார் சூழ்ந்தால் குற்றமற்றவரும் அதிர்ச்சியடைவார். நீதிமன்றங்களும் இதை அறிந்தே இருக்கின்றன. வெறும் பதற்றம் போதாது என்று சொல்லியிருக்கின்றன. ஓடினால், பொட்டலத்தை வீசினால் கதை வேறு.

இதுவரை சொன்னது சாதாரணக் குற்றவியல் நியாயம். அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், குற்றஞ்சாட்டப்பட்டவர் சந்தேகத்தை எழுப்பினால் போதும். இந்தச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு அதைத் தலைகீழாகத் திருப்புகிறது. போதைப்பொருள் உள்ள ஏதாவது ஒன்று ஒருவரின் பாதுகாப்பில் இருந்ததென்று காட்டினால், அவர் போதைப்பொருளை வைத்திருந்தார், அது என்னவென்றும் அறிந்திருந்தார் என்று அனுமானிக்கப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. வீட்டில் ஒளித்து வைத்திருந்தது கிடைத்தால், குடியிருப்பவருக்குத் தெரிந்தே ஒளித்தார்கள் என்ற அனுமானம். வண்டியில் அதற்கென்றே செய்த ரகசிய அறையில் கிடைத்தால், உரிமையாளருக்கும் ஓட்டியவருக்கும் தெரியும் என்ற அனுமானம். அண்ணன் பெயரில் இருக்கும் காரைத் தம்பி நண்பனுக்குக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். சட்டம் அதைச் சாதாரணமாகப் பார்ப்பதில்லை.

இந்த அனுமானங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாமா? பையில் இருந்ததால் அவருக்குத் தெரியும் என்று முதலில் அனுமானித்து, தெரிந்து வைத்திருந்த எடை 50 கிராமுக்கு மேல் என்பதால் கடத்தினார் என்று மறுபடி அனுமானித்து, அதன் முடிவில் தூக்குக் கயிற்றை எடுக்கலாமா? 1998-ல் கூட்டரசு நீதிமன்றம் கூடாது என்றது. 2014-ல் நாடாளுமன்றம் 37ஏ பிரிவைச் சேர்த்து, கூடும் என்றது. 2019 ஏப்ரல் 5 அன்று, தலைமை நீதிபதி ரிச்சர்ட் மலஞ்சும் தலைமையில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த கூட்டரசு நீதிமன்றம், அந்த 37ஏ அரசமைப்பின் 5-ஆவது, 8-ஆவது விதிகளுக்கு முரணானது என்று ஒருமனதாக அடித்துத் தள்ளியது. வழக்கைக் கொண்டுவந்தவர்கள் அல்மா நுடோ அதென்சா என்ற பிலிப்பினோப் பெண்ணும், ஒரு தாய்லாந்துப் பெண்ணும். தங்கள் பையில் போதைப்பொருள் இருந்தது தெரியாது என்று வாதிட்டவர்கள். தீர்ப்புக்குப் பின் அவர்கள் மேல் இருந்த கடத்தல் குற்றம், வைத்திருந்த குற்றமாக மாறியது. தூக்கு நீங்கியது.

என்னைக் கேட்டால், மலேசியப் போதைப்பொருள் வழக்குகளில் கடந்த முப்பது ஆண்டில் வந்த தீர்ப்புகளில் ஏழைகளுக்கு மிகப் பெரிய துணை இதுதான். மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் பை சுமப்பவர்கள். பையை நிரப்பியவர் எங்கோ இருக்கிறார். ஒற்றை அனுமானம் இன்னும் சட்டத்தில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. தனக்குத் தெரியாது என்பதை நிரூபிப்பது, தெரியும் என்பதை நிரூபிப்பதைவிடக் கடினம். அந்தப் பாரத்தை வழக்கறிஞருக்குப் பணம் கட்ட முடியாதவர் தோளில் வைப்பது நியாயம் என்று எனக்குப் படவில்லை.

அரசாங்கமே விற்ற காலம்

இந்த ஜொகூர் மாநிலமே அபின் வருமானத்தில் நிமிர்ந்தது என்பது நம் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களில் அழுத்தமாக வருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றங்கரைகளில் சீனத் தலைவர்கள் கங்சு என்ற பெயரில் அனுமதி பெற்று, மிளகும் காம்பிரும் பயிரிட்டார்கள். அங்கே உழைத்த கூலிகளுக்கு அபின் விற்கும் குத்தகையிலிருந்து வந்த பணம் அன்றைய ஜொகூர் கருவூலத்தின் பெரும் தூண். கங்சு முறை 1917-ல் ஒழிந்தது. அபின் ஒழியவில்லை. சண்டு என்ற பதப்படுத்திய அபினைக் காலனி அரசுகளே தம் ஏகபோகத்தில் வைத்து விற்றன. இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1943-ல், திரும்பப் பிடிக்கும் பகுதிகளில் அபின் புகைப்பதை அனுமதிக்க மாட்டோம் என்று லண்டன் அறிவித்தது. போருக்குப் பின் தடை வந்தது. 1952-ல் வந்த சட்டம்தான் திருத்தத்துக்கு மேல் திருத்தமாக இன்றும் நம் தலைக்கு மேல் இருக்கிறது.

கடத்தலுக்கு மரண தண்டனை 1975-ல் நுழைந்தது. 1983-ல் அது கட்டாயமாயிற்று. நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்கவே வழியில்லை. ஒரு தலைமுறை அப்படிப் போயிற்று. 2018-ல் ஆயுள் சிறைக்குச் சிறிய கதவு ஒன்று திறந்தது. கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் 2023 ஜூலை 4 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, 39பி-க்கு மரணமா ஆயுள் சிறையா என்று நீதிபதி முடிவு செய்யலாம். மரணம் இல்லையென்றால் பிரம்படி 12-க்குக் குறையாது. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டத்தால், ஏற்கெனவே தூக்கு வரிசையில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் தண்டனையை மறுபரிசீலிக்கும்படி கூட்டரசு நீதிமன்றத்தைக் கேட்கும் உரிமை பெற்றார்கள். இந்த மாற்றம் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன், 2021 அக்டோபரில், தாவாவ் உயர் நீதிமன்றம் 113.9 கிராம் சியாபுக்காக ஒன்பது பிள்ளைகளின் தாய் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தீர்ப்பைக் கேட்டு அவர் கதறி அழுத காணொளியை நாடே பார்த்தது.

முதல் இருபத்து நான்கு மணி நேரம்

பாலோப் பையனிடம் திரும்புவோம். அரசமைப்பின் 5-ஆவது விதிப்படி, எதற்காகக் கைது செய்தார்கள் என்று அவனிடம் சொல்ல வேண்டும். அவன் விரும்பும் வழக்கறிஞரைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மெஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, உறவினரிடமோ நண்பரிடமோ தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை தருகிறது. இதைக் கேட்டால்தான் கிடைக்கும். வெட்கப்பட்டு வீட்டுக்குச் சொல்லாமல் இருக்கும் பையன்கள் அதிகம்.

தடுப்புக்காவல் எத்தனை நாள் என்பதும் எடையைப் பொறுத்ததே. 12(2), 39ஏ(1) போன்ற குற்றங்கள் என்றால் முதல் தடவை 4 நாள், பிறகு 3 நாள். 39ஏ(2), 39பி என்றால் ஏழும் ஏழும் பதினான்கு. காலையில் குளுவாங் நீதிமன்றத்துக்கு அழைத்து வருவார்கள். அந்த நேரத்தில் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளையின் வழக்கறிஞர் இலவசமாக வாதாடலாம். மலேசியக் குடிமக்களுக்குக் கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டங்களில் உதவத்தான் அந்த அமைப்பு. மரண தண்டனை வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் நீதிமன்றமே வழக்கறிஞர் ஒருவரை நியமிக்கும். "பணம் இல்லை, அதனால் வக்கீல் இல்லை" என்று முதல் நாளே கையை விரிக்க வேண்டியதில்லை.

ஜாமீனைச் சட்டத்தின் 41பி பிரிவு கட்டிப் போடுகிறது. மரணமோ ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சிறையோ உள்ள குற்றத்துக்கு ஜாமீன் கிடையாது. ஆகவே 39ஏ(2), 39பி வழக்குகளில் விசாரணை முடியும்வரை சிறைதான். ஒன்றிரண்டு ஆண்டு உள்ளே இருந்துவிட்டு நிரபராதி என்று வெளியே வருபவருக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தருவதில்லை. அபராதத்தோடு முடியக்கூடிய வழக்கிலும், ஜாமீன் பொது நலனுக்கு ஆகாது என்று அரசுத் தரப்பு எழுத்தில் கொடுத்தால் கதவு மூடிவிடும்.

விசாரணையில் என்ன பேசுவது? தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே பொருள் இன்னொருவருடையது என்றால் மௌனம் எப்போதும் நல்லதல்ல. இங்கே அல்கந்தாரா வழக்கை நம் சமூகம் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மவர் ஒருவரின் பெயரில் அமைந்த தீர்ப்பு அது. 1996-ல் கூட்டரசு நீதிமன்றம் கொடுத்தது. பொருள் 'சே மாட்' என்பவருடையது என்று அவர் போலீசுக்குத் தந்த வாக்குமூலத்திலேயே விவரத்தோடு சொல்லியிருந்தார். அந்த ஆளைத் தேடுவது போலீசின் கடமை, அதைச் செய்யாமல் பிறகு கதை கட்டினார் என்று அவர் மேல் பழி போட முடியாது என்றது நீதிமன்றம். அவர் விடுதலையானார். இன்றும் நாடு முழுவதும் வழக்கறிஞர்கள், எதிர்வாதத்தை முன்கூட்டியே போலீசுக்குத் தெரிவிப்பதை 'அல்கந்தாரா நோட்டீஸ்' என்றுதான் சொல்கிறார்கள். விசாரணையில் ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு ஆண்டு கழித்துச் சாட்சிக் கூண்டில் ஒரு 'அண்ணன்' பெயரைச் சொல்பவரை நீதிபதி நம்புவது அரிது. எதை, எப்போது, எப்படிச் சொல்வது என்பதை வழக்கறிஞரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து வருவது குற்றச்சாட்டுத் தாள். ஒரே பக்கம். 'பஹாவா காமு பாடா' என்று மலாயில் தொடங்கும். தேதி, ஏறக்குறைய மணி, இடத்தின் முழு முகவரி, மாவட்டம், மாநிலம். பிறகு பொருளின் பெயர், எடை. கடைசி வரியில் இரண்டு எண்கள் இருக்கும். குற்றம் எந்தப் பிரிவு, தண்டனை எந்தப் பிரிவு. முதல் எண் 12(2) என்று இருப்பதைப் பார்த்துச் சின்ன வழக்குதான் என்று பலர் நிம்மதி அடைவார்கள். இரண்டாவது எண்ணில் 39ஏ(2) இருந்தால் குறைந்தது ஐந்து ஆண்டும் பத்துப் பிரம்படியும் அந்த வரியிலேயே இருக்கின்றன. மொழி புரியவில்லை என்றால் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேட்கலாம். "ஒத்துக்கிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாரோ லாக்கப்பில் சொல்லக் கேட்டு, அந்த இரண்டாவது எண்ணைப் படிக்காமலே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் உண்டு. 39ஏ(1)-ஐ ஒப்புக்கொண்டவர் அன்று வீட்டுக்குப் போவதில்லை. பிரம்படி பெண்களுக்கும் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் இல்லை. மற்ற ஆண்களுக்கு உண்டு.

நோயாளியா, குற்றவாளியா

பொட்டலம் எதுவும் இல்லாமலும் வழக்கு வரும். சிறுநீர்ச் சோதனை. முதலில் போலீஸ் நிலையத்தில் விரைவுச் சோதனை, பிறகு ஆய்வகத்தில் உறுதிச் சோதனை. இருமல் மருந்து, வலி மருந்து சாப்பிட்டிருந்தால் மருந்துச் சீட்டோடு அப்போதே சொல்லிவிட வேண்டும். உறுதியானால் 15(1) பிரிவு. 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டுவரை சிறை. அதன் பிறகு 38பி பிரிவின்படி இரண்டு முதல் மூன்று ஆண்டுவரை தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏஏடிகே-யின் கண்காணிப்பு. குறித்த நாளில் நேரில் போக வேண்டும், சிறுநீர் கொடுக்க வேண்டும். தோட்டத்தில் நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவர் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் குளுவாங்குக்குப் பஸ் ஏற வேண்டும். தவறினால் புதிய வழக்கு. திரும்பத் திரும்ப மாட்டினால் 39சி பிரிவு, 5 முதல் 7 ஆண்டுவரை சிறை.

அடிமையானவரை இப்படிச் சிறைக்கும் தெருவுக்கும் நடுவில் சுழல விடுவது யாரையும் குணப்படுத்தாது. மலேசியா இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 2005-ஐ ஒட்டி மெதடோன் சிகிச்சையும் ஊசி மாற்றும் திட்டமும் வந்தபோது எய்ட்ஸ் பரவலைத் தடுக்க அவை உதவின. போதைப்பொருள் சார்ந்தோருக்கான 1983-ஆம் ஆண்டு சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தை நாடாளுமன்றம் 2024-ல் திருத்தியது. சிகிச்சையை முன்னே வைக்க வேண்டும் என்ற பேச்சு அரசாங்கத்துக்குள்ளேயே கேட்கிறது. அந்தப் பேச்சு மாவட்ட அளவில் எப்போது நடைமுறையாகும் என்பதே எங்கள் ஊர்களின் கேள்வி. தாமாகச் சிகிச்சைக்குப் போகும் வழியும் இருக்கிறது; ஏஏடிகே-யின் மருத்துவ மையங்களும் அரசாங்க மருத்துவமனைகளின் மெதடோன் கிளினிக்குகளும் அதற்காகவே. கைதாகும் முன் போனவருக்கும் கைதான பின் அனுப்பப்பட்டவருக்கும் வாழ்க்கை ஒரே மாதிரி இருப்பதில்லை.

குளுவாங் மாவட்டத்திலேயே சிம்பாங் ரெங்கம் இருக்கிறது. அங்குள்ள தடுப்பு மையத்தின் பெயர் தமிழ் வீடுகளில் தாழ்ந்த குரலில் சொல்லப்படும் பெயர். 1985-ஆம் ஆண்டுச் சிறப்புத் தடுப்பு நடவடிக்கைச் சட்டத்தின்படி, கடத்தலில் தொடர்புள்ளவர் என்று கருதப்படுபவரை உள்துறை அமைச்சரின் ஆணையில் இரண்டு ஆண்டு அடைத்து வைக்கலாம், நீட்டிக்கவும் செய்யலாம். குற்றச்சாட்டுத் தாள் இல்லை, சாட்சி விசாரணை இல்லை, வேதியியல் அறிக்கையும் தேவையில்லை. ஆணை எழுதிய முறையில் பிழை இருந்தால் மட்டும் ஆட்கொணர்வு மனு உதவும். நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாததை அமைச்சரின் கையெழுத்தால் ஈடுகட்டுவதை, போதைப்பொருள் எவ்வளவு கொடியது என்று சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூரில் இருந்துகொண்டு மலேசியச் சட்டத்தை மட்டும் தெரிந்துவைத்தால் பாதி தெரிந்ததாகத்தான் அர்த்தம். விடியுமுன் மோட்டாரில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில். சிங்கப்பூரில் 2 கிராமுக்கு மேல் ஹெராயின் இருந்தாலே கடத்தல் அனுமானம். 15 கிராமைத் தாண்டினால் மரணம் கட்டாயம். வெறும் சுமப்பவராக இருந்து, அதிகாரிகளுக்குக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழ் தந்தால், அல்லது மனநலக் குறைபாடு நிரூபணமானால் மட்டும் விலக்கு.

நாகேந்திரன் தர்மலிங்கம் 2009-ல் உட்லண்ட்ஸில் பிடிபட்டார். 42.72 கிராம் ஹெராயின். அவருடைய ஐ.கியூ 69 என்று நீதிமன்றத்தில் மருத்துவர் சொன்னார். 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். ஈப்போவைச் சேர்ந்த பன்னீர்செல்வம் பரந்தாமன் 2014-ல் 51.84 கிராமோடு பிடிபட்டு, 2025 அக்டோபர் 8 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் தந்த தகவலுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் தட்சிணாமூர்த்தி காத்தையா தூக்கிலிடப்பட்டார். மூவரும் மலேசியத் தமிழர்கள். அவர்களிடம் பொருளைக் கொடுத்தவர்கள் தூக்கு மேடைக்கு வரவில்லை.

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் எடுத்துவிட்டுத் திரும்பினாலும் அங்கே குற்றம். ஜொகூரில் வீடு வாங்கிய நிரந்தரவாசிகள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வேப் குழாய்களில் கலந்து விற்ற எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை சிங்கப்பூர் 2025 செப்டம்பர் 1 முதல் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஜொகூர் மாநிலம் 2016-லேயே வேப் விற்பனையைத் தடை செய்தது. இருந்தும் பள்ளிப் பிள்ளைகள் கையில் அந்தக் குழாய்கள் இருக்கின்றன. அதற்குள் என்ன திரவம் இருக்கிறது என்று வாங்கியவருக்கே தெரிவதில்லை. தெரியாது என்று நிரூபிப்பது யார் பொறுப்பு என்பதை மேலே பார்த்தோம்.

பாலோப் பையன் வழக்கு மலேசிய நீதிமன்றத்திலேயே நிற்கிறது என்றால், குடும்பம் சும்மா காத்திருக்க வேண்டியதில்லை. 39பி வழக்கில் மெஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒப்புதல் கேட்கமாட்டார்கள். வேதியியல் அறிக்கை வந்ததும் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறும். அதற்கு முன்னும் பின்னும் வழக்கறிஞர் அரசாங்கத் துணை வழக்கறிஞருக்கு மனு அனுப்பி, கடத்தல் குற்றத்தை வைத்திருந்த குற்றமாகக் குறைக்கும்படி கேட்கலாம். 'ரெப்ரசென்டேஷன்' என்பார்கள். வெறும் கெஞ்சல் கடிதத்தால் எதுவும் ஆவதில்லை. மோட்டார் யார் பெயரில், அன்று மாலை யாரிடம் இருந்தது, யாருடைய ஃபோன் அழைப்பு வந்தது, அறைச் சாவி எத்தனை பேரிடம், முதலாளி தரும் வருகைப் பதிவு, மருத்துவமனைப் பதிவு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அதோடு போக வேண்டும். கடைக்காரர் கேமராப் பதிவு பெரும்பாலும் சில வாரத்தில் அழிந்துவிடும். பாலோ கடைத்தெருவில் அந்தக் கேமரா எந்தக் கடையில் இருக்கிறது என்று குளுவாங் வழக்கறிஞருக்குத் தெரியாது. அவனுடைய அக்காவுக்குத் தெரியும்.